வான்கோழி அழைப்பானுக்கு எந்த மரம்? புதிதாகச் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வான்கோழி அழைப்பான் செய்யத் தொடங்கும் எவரும் முதலில் கேட்பது ‘எந்த மரம் நல்லது?’ என்றுதான். அமெரிக்காவில் இந்தக் கைவேலையில் ஊறியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் செடார் என்பார், இன்னொருவர் வால்நட் என்பார், மூன்றாமவர் மகாகனியைத் தவிர வேறொன்றைத் தொடவே மாட்டார். மூவர் செய்த கருவிக்கும் சேவல் வரத்தான் செய்கிறது. ஒலி பிறப்பது இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று உரசுகிற இடத்தில். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எந்த மரத்தோடு எந்த மரத்தைச் சேர்ப்பது என்பதே. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தச் சேர்க்கையைப் பற்றித்தான்.

வசந்தம் அமெரிக்கக் காட்டு வான்கோழியின் இனப்பெருக்கக் காலம். மாநிலத்துக்கு மாநிலம் தேதி மாறினாலும், பொதுவாக மார்ச் முதல் மே வரை வேட்டைக்கு அனுமதி உண்டு. பெட்டையின் குரல் காதில் விழுந்தால் சேவல் முழங்கிப் பதில் சொல்லும். மனம் வைத்தால் தேடிக்கொண்டும் வரும். அந்தப் பெட்டைக் குரலை எழுப்பும் கருவிதான் அழைப்பான். இங்கே முக்கியமாக இரண்டு வகையைப் பார்க்கப் போகிறோம்: மெல்லிய சுவருள்ள சிறு மரப்பெட்டியின் விளிம்பில் மூடியை உரசும் பெட்டி அழைப்பான், வட்டச் சட்டியின் தட்டில் குச்சியை உரசும் சட்டி அழைப்பான். ஒலிப்பதிவை ஓடவிடும் மின்னணுக் கருவிகளைப் பெரும்பாலான மாநிலங்கள் வேட்டையில் அனுமதிப்பதில்லை. எனவே மனிதரின் கையும் ஒரு மரத்துண்டும்தான் பறவையோடு பேச வேண்டும். துப்பாக்கியே எடுக்காமல், படம் பிடிப்பதற்காக மட்டும் அழைப்பான் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

பறவையின் இறக்கை எலும்பைக் குழலாக்கி உறிஞ்சி ஒலியெழுப்பும் முறை, அமெரிக்கப் பூர்வகுடிகளிடமிருந்து வந்த மிகப் பழைய முறை. இன்று நாம் அறிந்த மூடி வைத்த மரப்பெட்டிக்கு 1897-இல் காப்புரிமை பெற்றவர் ஆர்கன்சா மாநிலம் டார்டனெல் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன். 20-ஆம் நூற்றாண்டில் அலபாமாவின் எம்.எல். லிஞ்ச் அதைப் பரவலாக விற்றுப் பிரபலமாக்கினார். தென் கரோலினாவின் கிரீன்வுட்டில் வாழ்ந்த நீல் காஸ்ட், துடுப்பைப் போன்ற நீண்ட மூடியுள்ள பெட்டிகளால் புகழ்பெற்றார். அவர் கைப்பட்ட பெட்டிகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். 1973-இல் தொடங்கப்பட்ட தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு, கையால் செய்த அழைப்பான்களுக்கென்றே ஆண்டுதோறும் போட்டி நடத்துகிறது.

முதல் படி: காதைத் தயார்செய்தல்

மரம் வாங்கும் முன் குரலைக் கேளுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே நூலகத்தில் உண்மையான காட்டு வான்கோழிகளின் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. போட்டியாளர்களின் பதிவுகளை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், முதலில் பறவை.

பெட்டையின் அடிப்படைக் குரலை ‘யெல்ப்’ என்கிறார்கள். கவனித்துக் கேட்டால் அது ஒரு சுரம் இல்லை, இரண்டு. தெளிவான, மெல்லிய உச்சத்தில் தொடங்கி, கண நேரத்தில் உடைந்து, கரகரப்பான தாழ்ந்த சுரத்தில் விழுகிறது. அந்த உடைவுதான் எல்லாம். உடைவு இல்லாத பெட்டி வெறும் கீச்சொலி. வயதான பெட்டையின் குரலில் கரகரப்பு தூக்கலாக இருக்கும், இளம் பெட்டையின் குரல் சுத்தமாக இருக்கும். இவற்றோடு, ஒற்றைத் தட்டலாக வரும் ‘கிளக்’, மனநிறைவோடு மேயும்போது எழுப்பும் உருளொலியான ‘பர்’ ஆகிய இரண்டையும் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். கிளக்குக்குச் சட்டென்று பேசி சட்டென்று அடங்கும் மரம் வேண்டும். பர் ஒலிக்கு மிக மெல்லிய அழுத்தத்திலேயே பேசுகிற மரம் வேண்டும். ஒரே பெட்டி இரண்டிலும் சிறப்பது அபூர்வம். உங்களுக்கு எது முக்கியம் என்று முடிவுசெய்த பிறகே மரக்கடைக்குப் போங்கள்.

இரண்டாம் படி: மரத்துக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுதல்

வயலின் வில் தந்தியை ஒரு கணம் பற்றி இழுத்து, மறுகணம் விட்டு, மீண்டும் பற்றுவதைப் போல, அழைப்பானின் மூடியும் சுவரின் விளிம்பைப் பற்றிப் பற்றி விடுகிறது. வில்லுக்குக் குங்கிலியப் பிசின் செய்யும் வேலையை இங்கே சுண்ணக்கட்டி செய்கிறது. ஒவ்வொரு விடுபடலிலும் மெல்லிய சுவர் அதிர்கிறது, பெட்டியின் உட்குழிவு அந்த அதிர்வைப் பெருக்குகிறது.

இதில் மரத்தின் நான்கு குணங்கள் பேசுகின்றன: கடினம், எடை, விறைப்பு, அதிர்வு அடங்கும் வேகம். கடினத்தை அளக்க ஜாங்கா அளவீடு இருக்கிறது. 11.28 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டை அதன் பாதி வரை மரத்தில் அழுத்த எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதுதான் அந்த எண். ஏறக்குறையச் சொன்னால் பட்டர்நட் 490, மஞ்சள் பாப்லர் 540, கிழக்கத்திய சிவப்புச் செடார் 900, செர்ரி 950, வால்நட் 1,010, கடின மேப்பிள் 1,450, ஹிக்கரி 1,820. பர்பிள்ஹார்ட்டும் ஓசேஜ் ஆரஞ்சும் 2,500-ஐத் தாண்டுகின்றன. பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டிவைக்க வேண்டிய பட்டியல் இது. சுவருக்கு இதில் எண் குறைந்த பாதியிலிருந்தும், மூடிக்கும் குச்சிக்கும் எண் கூடிய பாதியிலிருந்தும் எடுத்தால் பெரும்பாலும் தவறாது.

ஆனால் கடினம் மட்டுமே சுருதியைத் தீர்மானிக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். சுருதி, விறைப்புக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. வால்நட், செர்ரி, மேப்பிள், ஹிக்கரி ஆகியவற்றின் சராசரி எண்களை எடுத்துக் கணக்குப் போட்டால் அந்த விகிதம் வியக்கும்படி நெருங்கி வருகிறது. வால்நட்டையும் பாப்லரையும் ஒரே அளவில் வெட்டினால், பாப்லர் சுருதி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் கூடுதல். சுவரின் தடிமனில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக் குறைத்தாலும் இதே மாற்றம் கிடைத்துவிடும். 3 மி.மீ. சுவரில் அது வெறும் 0.3 மி.மீ., உப்புத்தாளால் சற்று நேரம் கூடுதலாகத் தேய்க்கிற வித்தியாசம். ஆகவே ‘இந்த மரத்துக்கு இந்தச் சுருதி’ என்று யாராவது அடித்துச் சொன்னால், சுவரின் தடிமன் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

இந்தக் கூட்டத்தில் விலகி நிற்பது சிவப்புச் செடார். அதன் விறைப்பு வால்நட்டின் விறைப்பில் ஏறத்தாழப் பாதிதான், எடையோ அவ்வளவாகக் குறைவதில்லை. அதனால்தான் அதே தடிமனில் செடார் பெட்டி தாழ்ந்து, குழைந்து, வயதான பெட்டையைப் போலப் பேசுகிறது. செடார் மோகத்துக்குப் பின்னால் வெறும் நம்பிக்கை மட்டும் இல்லை.

மரத்துக்கு மரம் உண்மையில் மாறுவது ஒலியின் நிறம்: எவ்வளவு கரகரப்பு, எவ்வளவு நேரம் ஒலி நிற்கிறது, எவ்வளவு தூரம் போகிறது என்பதெல்லாம். இதைக் கையாலேயே சோதிக்கலாம். 20 செ.மீ. நீளத்தில் மெல்லிய பட்டை ஒன்றை இழைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையிலிருந்து நாலரை செ.மீ. தள்ளி, இரண்டு விரல் நுனிகளால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். அதிரும்போது அசையாமல் நிற்கிற புள்ளி அது என்பதால், உங்கள் விரல் ஒலியை அடக்காது. ஓசேஜும் பர்பிள்ஹார்ட்டும் கணீரென்று நீண்டு ஒலிக்கும். செடார் ‘டொக்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். ஒரே மரத்தின் இரண்டு பட்டைகளே வேறு வேறாகப் பேசுவதையும் கேட்பீர்கள். எனக்குப் பட்டியல் எண்களைவிட இந்தத் தட்டல்மேல்தான் நம்பிக்கை அதிகம். வாங்கும் ஒவ்வொரு பலகையிலிருந்தும் ஒரு பட்டையை இப்படி எடுத்து, பெயரும் தேதியும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பெட்டி அழைப்பானுக்கு மரச் சோடி

முதல் பெட்டிக்கு என் பரிந்துரை: சுவர்கள் மஞ்சள் பாப்லர், மூடி வால்நட் அல்லது செர்ரி. பாப்லர் அமெரிக்காவின் எந்த மரக்கடையிலும் மலிவாகக் கிடைக்கும், நார் நேராக ஓடும், உளிக்கும் இழைப்புளிக்கும் முரண்டு பிடிக்காது. விளிம்பில் பெரிய துளைகள் இல்லாததால் சுண்ணக்கட்டி சீராகப் படியும். சிவப்பு ஓக்கைப் போலத் துளைகள் வாய் திறந்த மரத்தை விளிம்புக்குப் போட்டால் உரசல் விட்டு விட்டு வரும். அது பறவையின் கரகரப்பு அல்ல, மரத்தின் இரைச்சல்.

இரண்டாவது பெட்டியில் சுவரை மட்டும் செடாராக மாற்றுங்கள். அளவும் மூடியும் பழையபடியே இருக்கட்டும். மூன்றாவதில் பாப்லர் சுவருக்குத் திரும்பி, மூடியை மட்டும் பர்பிள்ஹார்ட்டாக மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது எதைச் செய்தது என்று காது கற்றுக்கொள்ளும். வால்நட் மூடி உருண்டையான, சற்றுத் தணிந்த ஒலி தரும். பர்பிள்ஹார்ட் மூடி கூர்மையாக, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் ஒலி தரும். காற்று வீசும் நாளிலும் அகன்ற வயல்வெளியிலும் பின்னது கைகொடுக்கும். மரங்கள் நெருங்கிய பள்ளத்தாக்கில் எழுபது, எண்பது கஜத்தில் நிற்கும் சேவலுக்கு முன்னதே போதும், சொல்லப்போனால் அதுதான் பொருத்தம்.

மகாகனியைச் சுவருக்கும் போடலாம், மூடிக்கும் போடலாம். இரண்டிலும் நடுத்தரமாக, இனிமையாகப் பேசும். பட்டர்நட் கிடைத்தால் விடாதீர்கள்; பாப்லரைவிட மென்மையானது, கரகரப்பு தானாக வரும். அமெரிக்க செஸ்நட்டுக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1904-இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய், அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த இனத்தின் பெருமரங்களை ஏறத்தாழ முழுவதுமாக அழித்துவிட்டது. அப்பலாச்சிய மலைப்பகுதியின் பழைய களஞ்சியங்களைப் பிரிக்கும்போது அந்த மரப் பலகைகள் வெளிவருகின்றன. இலேசான, நன்றாக உலர்ந்த மரம். கை பழகாமல் அதை வெட்ட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். இனி வளர்ந்து வராத மரத்தைப் பயிற்சிக்குப் பலியிடக் கூடாது.

பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது முனையைத் திருப்பி ஆண்டு வளையங்களைப் பாருங்கள். பலகையின் தட்டை முகத்துக்கு வளையங்கள் செங்குத்தாக நின்றால் அது ஆரவாட்டில் அறுத்த பலகை. ஈரத்தில் கோணாது, மெல்லிதாக இழைத்தாலும் பிளக்காது. நார் சுவரின் நீளவாக்கில், முனையிலிருந்து முனைவரை தடையில்லாமல் ஓட வேண்டும். கணு இருக்கும் துண்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். ஈரப்பதம் 6 முதல் 8 சதவீதத்துக்குள் இருக்கும்படி உலர்ந்த மரமாக வாங்கி, வேலை செய்யும் அறையிலேயே இரண்டு மூன்று வாரம் போட்டு வையுங்கள்.

நான்காம் படி: வெட்டி, ஒட்டி, மெலிதாக்குதல்

அளவுகள் ஆளுக்கு ஆள் மாறும். தொடக்கத்துக்கு நீளம் 20 செ.மீ., அகலம் 5 செ.மீ., சுவரின் உயரம் 4 செ.மீ. அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பலகையும் இரு முனைக் கட்டைகளும் சுவரைவிடத் தடித்தவையாக இருக்க வேண்டும். அவை அசையாமல் நின்றால்தான் சுவர் அதிர முடியும். ஒட்டுவதற்கு மரவேலைக்கான மஞ்சள் பசை போதும். காய்ந்தபின் இறுகிவிடுகிற பசைதான் வேண்டும், ரப்பரைப் போல நெகிழ்ந்து நிற்கும் பசை அதிர்வை விழுங்கிவிடும். ஒரே கட்டையைக் குடைந்து பெட்டி செய்கிறவர்களும் உண்டு. அவர்கள் பெட்டி ஒரே மூச்சில் ஒலிக்கும் என்பது உண்மை, ஆனால் அடியும் சுவரும் ஒரே மரமாகிவிடுவதால் சோடி சேர்க்கும் சுதந்திரம் குறைகிறது. புதியவர்களுக்கு ஒட்டுப்பெட்டிதான் நல்ல பள்ளிக்கூடம்.

சுவரை முதலில் 3 மி.மீ. அளவில் விடுங்கள். இரு சுவரையும் ஒரே தடிமனாக வைக்க வேண்டியதில்லை. ஒன்றைத் தடிமனாகவும் மற்றொன்றைச் சற்று மெலிதாகவும் வைத்தால், ஒரே பெட்டியில் இளம் பெட்டையும் முதிய பெட்டையும் கிடைப்பார்கள். மேல்விளிம்பு நீளவாக்கில் மெல்லிய வில்லாக வளைந்திருக்க வேண்டும். மூடியின் அடிப்பக்கமும் அகலவாக்கில் இலேசாகப் புடைத்திருக்க வேண்டும். இந்த இரண்டு வளைவுகளும் சந்திக்கிற சிறிய இடத்தில்தான் ஒலி பிறக்கிறது. மூடி நகரும்போது அந்த இடம் விளிம்பின்மேல் நகர்கிறது, அழுத்தமும் மாறுகிறது. உச்ச சுரம் உடைந்து கீழே விழுவது அங்கேதான். மூடியைத் தட்டையாக விட்டால், எந்த மரமானாலும் உடைவு வராது.

மூடியை முன்முனைக் கட்டையில் ஒரு திருகாணியும் ஸ்பிரிங்கும் வைத்துப் பூட்டுங்கள். மூடி தன் எடையாலேயே விளிம்பில் உட்கார வேண்டும், ஸ்பிரிங் அதை அழுத்தக் கூடாது. எண்ணெயோ மெழுகோ கலக்காத சுண்ணக்கட்டியை மூடியின் அடியிலும் விளிம்பிலும் ஒரு பூச்சுப் பூசுங்கள். பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ்களில் சில வகைகள் வழுக்கும். வேட்டைக்கடைகளில் விற்கும் அழைப்பான் சுண்ணக்கட்டி மலிவுதான், அதையே வாங்கிவிடுங்கள். உரசும் பரப்புகளில் வார்னிஷ் ஒரு துளிகூடப் படக் கூடாது, விரல் நுனியின் எண்ணெய்ப்பசையும் படக் கூடாது. வெளிப்பக்கத்துக்கும் ஒரே ஒரு மெல்லிய பூச்சுதான். கனமாகப் பூசினால் சுவருக்குக் கூடுதல் எடை ஏற்றியதாகிவிடும், ஒலி மந்தமாகும்.

இப்போது இசைவு சேர்க்கும் வேலை. உச்ச சுரம் மட்டும் வந்து கீழே விழ மறுத்தால், சுவர் இன்னும் தடித்திருக்கிறது. உட்பக்கம், நடுப்பகுதியில், 150-ஆம் எண் உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து, நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை மூடியைப் போட்டுக் கேளுங்கள். ஒலி மெல்ல இறங்கி, ஒரு கட்டத்தில் கரகரப்பு எட்டிப் பார்க்கும். அங்கே நிறுத்திவிட்டு மறுநாள் கேட்பது நல்லது, ஏனென்றால் தேய்த்த சூட்டில் காதும் களைத்துவிடுகிறது. தாழ்ந்த சுரம் மட்டும் வந்து, வெற்று டப்பாவைப் போல ஒலித்தால் சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள். அந்தச் சுவருக்கு இலேசான மூடி ஒன்றைச் செய்து பார்க்கலாம். மூடி வழுக்கிக்கொண்டு போனால் விளிம்பில் எண்ணெய்ப்பசை ஏறியிருக்கிறது, மெல்லத் தேய்த்துவிட்டுச் சுண்ணம் பூசுங்கள். சுண்ணம் கட்டிகட்டியாகத் திரண்டிருந்தால் அதையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்.

ஐந்தாம் படி: சட்டி அழைப்பானில் குச்சிக்கே முதல் மரியாதை

உள்ளங்கையில் அடங்கும் வட்ட மரச்சட்டி, அதன் வாயில் ஒட்டிய ஸ்லேட் கல் அல்லது கண்ணாடித் தட்டு, அதற்குக் கீழே சிறு தாங்கியின்மேல் நிற்கும் இன்னொரு தட்டு, அடியில் சில துளைகள், கையில் ஒரு குச்சி. இதுதான் சட்டி அழைப்பான். கடைகளில் சட்டியின் மரத்தை வைத்துத்தான் விலை சொல்வார்கள். ரேகை அழகாக ஓடும் வால்நட், சுருள் மேப்பிள் என்று கண்ணைப் பறிக்கும். ஒலியைப் பொறுத்தவரை அந்தச் சட்டி மரம் நான்காம் இடத்தில்தான் இருக்கிறது. முதலிடம் குச்சிக்கு. அடுத்து மேல்தட்டு. அதற்கடுத்து சட்டியின் ஆழமும் உட்தட்டின் இடைவெளியும். சட்டிக்கு உறுதியான, வெடிக்காத எந்த மரமும் ஆகும். மேப்பிள் சற்றுப் பளிச்சென்றும் வால்நட் சற்றுத் தணிந்தும் இருக்கும், அவ்வளவே. பணத்தையும் பொறுமையையும் குச்சியில் செலவிடுங்கள்.

குச்சியின் நீளம் சுமார் 20 செ.மீ., முனை 5 அல்லது 6 மி.மீ. தடிமன். ஒரே ஸ்லேட் தட்டில் வேறு வேறு மரக்குச்சிகளை மாற்றி மாற்றி உரசிக் கேட்டால், அழைப்பானே மாறிவிட்டதோ என்று தோன்றும். ஹிக்கரி எல்லாத் தட்டுகளோடும் ஒத்துப்போகும். எடையும் உண்டு, நெகிழ்வும் உண்டு, முனை எளிதில் மழுங்காது. முதல் குச்சியை ஹிக்கரியில் கடையுங்கள். பர்பிள்ஹார்ட் கண்ணாடித் தட்டுக்கு உற்ற துணை. உச்ச சுரம் தெளிவாக, தொலைதூரம் கேட்கும். ஸ்லேட்டில் சில கைகளுக்கு அது கீச்சிடும். ஓசேஜ் ஆரஞ்சு கணீரென்று பேசும், கிளக் ஒலிக்கு மிகப் பொருத்தம். பூர்வகுடிகள் வில் செய்ததும் இந்த மஞ்சள் மரத்தில்தான். அந்த வைரம் பாய்ந்த நாரின் உறுதி குச்சியிலும் தெரியும். செடார் குச்சி ஸ்லேட்டில் மிருதுவாக, கிசுகிசுப்பாக ஒலிக்கும். சேவல் கூப்பிடு தூரத்தில் வந்து நிற்கும்போது பர் ஒலிக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஆனால் முனை சீக்கிரம் தேயும். ரோஸ்வுட் வகைகள் ஹிக்கரிக்கும் பர்பிள்ஹார்ட்டுக்கும் நடுவில், கரகரப்போடு முழுமையாக ஒலிக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

குச்சியில் மரத்துக்கு அடுத்தபடி முக்கியம், எடை எங்கே இருக்கிறது என்பது. பழைய காலத்தில் மக்காச்சோளக் கட்டையில் ஒரு மரக்குச்சியைச் செருகி உரசினார்கள். அந்த இலேசான தலை, குச்சியைத் தாராளமாக அதிரவிட்டது. இன்று கடைசல் இயந்திரத்தில் ஒரே துண்டாகக் கடைகிறார்கள். தலையைத் தடிமனாக விட்டுத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே கேளுங்கள். குச்சி நீளமாக இருந்தால் ஒலி தாழ்ந்திருக்கும். முனையிலிருந்து 2, 3 மி.மீ. வெட்டிப் பாருங்கள். பிடிக்கும் இடமும் சேர்ந்து மாற்றும்: பேனாவைப் போலப் பிடித்து, முனைக்கு அருகே விரலை இறக்கினால் சுருதி ஏறும். ஆகவே மரங்களை ஒப்பிடும்போது எல்லாக் குச்சிகளிலும் ஒரே உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு, அந்த இடத்திலேயே பிடியுங்கள். முனை தட்டுக்குச் சாய்ந்திருக்க வேண்டும், சிறு வட்டம் போட வேண்டும், தட்டைவிட்டு எழும்பவே கூடாது.

ஸ்லேட்டை மென்மையான உப்புத்தாளாலும், கண்ணாடியைக் கரடான தாளாலும் ஒரே திசையில் தேய்த்து, கீறலுக்குக் குறுக்கே உரச வேண்டும். குச்சியின் முனையையும் அவ்வப்போது தேய்த்துவிடுங்கள். தட்டின் தூள் ஏறிப் பளபளத்த முனை எந்த மரமானாலும் ஊமைதான்.

உறிஞ்சி ஒலியெழுப்பும் குழல் வகையைத் தொடக்கத்திலேயே தொட வேண்டியதில்லை. அங்கே மரம் அதிர்வதைவிடத் துளையின் அளவும் வாயின் பழக்கமும்தான் பேசுகின்றன. ஈரத்தைத் தாங்கும் அடர்ந்த மரம் வேண்டும் என்பதோடு மரத்தின் பங்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

மேற்கத்திய சிவப்புச் செடாரின் தூள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. கோகோபோலோ போன்ற ரோஸ்வுட் வகைகளின் தூள் பலருக்குத் தோல் ஒவ்வாமையைத் தருகிறது. ஸ்லேட் தூளில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது. சரியாகப் பொருந்தும் முகமூடி அணியாமல் எதையும் தேய்க்க வேண்டாம், ஸ்லேட்டை நனைத்துத் தேய்ப்பது இன்னும் நல்லது. ரோஸ்வுட் இனங்கள் அனைத்தும் 2017 ஜனவரி முதல் அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன; பிரேசில் ரோஸ்வுட்டுக்குத் தடை அதற்கும் முந்தையது. நாட்டின் எல்லை தாண்டி வாங்குவதற்கும் விற்பதற்கும் முன் விதிகளைப் பார்த்துவிடுங்கள். ஓசேஜ், ஹிக்கரி, பெர்சிமன் என்று உள்ளூரிலேயே கிடைக்கும் கடினமரங்கள் குச்சிக்குத் தாராளமாகப் போதும். நான் அவற்றையே சொல்வேன்.

ஆறாம் படி: தள்ளி நின்று கேட்டல்

மடியில் வைத்து உரசும்போது கேட்பது நம்பத்தக்கதல்ல. மரம் மரத்தில் உரசும் இரைச்சலும் காதுக்குள் வந்துவிடுகிறது. பத்து அடி தள்ளினால் அது மறைந்து, சுரம் மட்டும் நிற்கிறது. நண்பரிடம் கருவியைக் கொடுத்துவிட்டு, நாற்பது கஜம் தள்ளிப் போய், முதுகைத் திருப்பி நின்று கேளுங்கள். பிறகு நூறு கஜம். அருகில் முரட்டுத்தனமாகத் தோன்றிய பெட்டி, தூரத்தில் அசல் பெட்டையாக மாறுவதையும், அருகில் இனித்த பெட்டி மரங்களுக்கிடையே காணாமல் போவதையும் அங்கேதான் கண்டுகொள்ள முடியும். மரச் சோடியைப் பற்றிய முடிவை அந்தத் தூரத்தில் எடுங்கள்.

இந்தச் சோதனையை வேட்டைப் பருவத்தில் பொது வேட்டை நிலங்களில் செய்யவே கூடாது. நல்ல அழைப்பானின் ஒலியைக் கேட்டு வேறொரு வேட்டைக்காரர் துப்பாக்கியோடு வரக்கூடும். வேட்டைக்காகவே போனாலும் சிவப்பு, வெள்ளை, நீல நிற ஆடைகளை அணியாதீர்கள், அவை சேவலின் தலை நிறங்கள். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். மனிதர் யாராவது தென்பட்டால் கையை அசைக்காமல், உரத்த குரலில் பேசி இருப்பைத் தெரிவியுங்கள்.

கடைசியாக ஈரம். காலைப் பனியில் மரம் நீரை உறிஞ்சிக் கனத்து, சுருதி இறங்கும். சுண்ணமும் பிடிப்பை இழக்கும். இதில் செடாரும் பாப்லரும் சீக்கிரம் சோர்ந்துபோகும். பர்பிள்ஹார்ட்டும் ஓசேஜும் கூடுதல் நேரம் தாங்கும். பெட்டியை ரொட்டி வாங்கி வரும் பிளாஸ்டிக் பையில் போட்டு, பைக்குள்ளேயே கையை விட்டு உரசும் பழக்கம் தென் மாநில வேட்டைக்காரர்களிடம் உண்டு, அது நன்றாகவே வேலை செய்கிறது. நனைந்த பெட்டியை வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்து உலர்த்தாதீர்கள், சுவர் கோணிவிடும். மூடியைத் திறந்து நிழலில் ஒரு நாள் விட்டு, புதுச் சுண்ணம் பூசினால் போதும். மழை நாளுக்கென்று கண்ணாடித் தட்டுள்ள சட்டி ஒன்றும், கார்பன் அல்லது அக்ரிலிக் குச்சி ஒன்றும் பையில் தனியாக இருக்கட்டும்.